கொதிக்காத விரிப்பு

ரத்தக் கறை பட்ட துணியை முதலில் பச்சைத் தண்ணீரில்தான் போட வேண்டும். எடுத்த எடுப்பில் சுடுதண்ணீரில் போட்டால் கறை நூலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் போகாது. அதனால் முதல் தொட்டியில் பச்சைத் தண்ணீர். இரண்டாவது தொட்டியில் சோப்பும் சோடாவும். அதற்குப் பிறகு பாய்லர். தண்ணீர் தளதளவென்று கொதி வந்தபின் அரை மணி நேரம் துணி அதில் கிடக்க வேண்டும். எங்கள் தெருச் சலவைக்கூடத்தில் ஒன்பது வருடமாக இந்த வரிசை மாறியதில்லை. மாறவிடாமல் பார்த்துக்கொண்டவள் சலவையக்கா.

என் தையற்கடை அதற்கு நேர் எதிரே. கிழிந்து வரும் விரிப்புகளையும் தலையணை உறைகளையும் நான்தான் தைத்துக் கொடுப்பேன். அதனால் அந்த வீட்டில் நடந்ததில் பாதியை நான் கண்ணால் பார்த்தேன். மீதியை அவர்களே வந்து சொன்னார்கள். தையல் இயந்திரத்தின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறவனிடம் மனிதர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள். காதை மட்டும் கொடுத்தால் போதும், முகத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் பதினோரு வருடம் கிடந்து வெந்தவள். தம்பி அவளைவிட ஒன்பது வயது இளையவன். வாடகை வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். அவளுக்குத் தொழில் தெரியும், அவனுக்கு ஊர் தெரியும். இருவரும் சேர்ந்து இந்தக் கட்டடத்தைப் பிடித்தார்கள். கீழே தொட்டிகளும் பாய்லரும், மேலே இஸ்திரி மேசைகள், அதற்கும் மேலே மொட்டைமாடியில் கொடிகள். பின்பக்கம் இரண்டு அறைகளில் குடித்தனம். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பிக்கு ஆகிவிட்டது.

முதலில் வந்த வாடிக்கை அடுத்த தெருவில் இருந்த பிரசவ ஆஸ்பத்திரி. இருபது கட்டில். அதை நடத்திய டாக்டரம்மா நேரில் வந்து பாய்லரை எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க கையை நம்பித்தான் தர்றேன்" என்று சொல்லிப் போனார். அக்கா அந்த வாக்கியத்தை வருடக்கணக்காக வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள்.

தம்பி கெட்டவன் இல்லை. அப்படி எழுதினால் எனக்குச் சுலபம், ஆனால் உண்மை இல்லை. எந்த வாடிக்கையாளர் வாசலிலும் நின்று ஒருமுறை தலை சீவிக்கொண்டுதான் உள்ளே போவான். யாருடைய பிள்ளை எந்த வகுப்பு என்பதுவரை நினைவில் வைத்திருப்பான். தெருவில் யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் முதலில் வந்து நிற்பது அவன் வேன்தான். ஆனால் அவனுக்குப் பெரிதாக வேண்டும். அக்காவுக்குச் சரியாக வேண்டும். ஒன்பது வருடம் இரண்டும் ஒன்று என்றே இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பஸ் நிலையத்தருகே இருந்த மூன்று லாட்ஜுகளின் துணியை அவன் பேசி முடித்துக்கொண்டு வந்த அன்று நான் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னொரு பாய்லர் வாங்கிட்டு லாட்ஜ் துணிய எடுக்கலாம்டா" என்றாள் அக்கா.

"ஆர்டர் வந்தாத்தான்க்கா பாய்லர் வரும். வெறும் பாய்லர வச்சுக்கிட்டு அதுல நாம குளிக்கவா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சொன்னாள்: "சரி, எடு. ஆனா ஆஸ்பத்திரித் துணி கொதிக்காம வாசப்படி தாண்டக் கூடாது. அதுல மட்டும் விளையாட்டு வேணாம்."

"இதெல்லாம் நீ சொல்லணுமா? உன் மனசுல இருக்கறதுதான் என் மனசுலயும் இருக்கு."

லாட்ஜ் துணி என்பது தனி உலகம். தலைச்சாயம், ஷூ பாலிஷ், எண்ணெய், உதட்டுச்சாயம், கொட்டிய டீ. லாட்ஜ் மேனேஜர் ஒவ்வொரு விரிப்பையும் ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பான். நகக்கண் அளவு கறை இருந்தாலும் கட்டோடு திருப்பி அனுப்புவான். அதனால் அக்கா கீழ்வேலையை விட்டுவிட்டு மாடிக்குப் போனாள். நாள் முழுக்க இஸ்திரி மேசையில் நின்று துணியைப் பார்த்துப் பார்த்து மடித்தாள். பாய்லரை நெட்டை பார்த்துக்கொண்டாள்.

நெட்டை ஆறடி உயரம். ஈரத் துணி மூட்டையை ஒற்றைக் கையால் தூக்குவாள். நீராவியிலேயே நின்று நின்று அவளுக்குப் புருவமயிர் உதிர்ந்துபோயிருந்தது. சொன்னதைச் செய்வாள். ஏன் என்று கேட்டுப் பழக்கமில்லை. அக்கா என்றால் அவளுக்கு உயிர்.

அப்புறம் மழை பிடித்தது. பதினேழு நாள். மொட்டைமாடிக் கொடியில் காக்காகூட உட்காரவில்லை. வீட்டுக்குள், படிக்கட்டில், தம்பி படுக்கும் கட்டிலுக்கு மேலே, எங்கு பார்த்தாலும் துணி தொங்கியது. அந்த வீட்டில் நடக்க வேண்டுமென்றால் ஈர விரிப்புகளை முகத்தால் தள்ளிக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஏழு மாதக் கர்ப்பிணியான தம்பி பெண்டாட்டி அடுப்புக்கும் அறைக்கும் இடையே குனிந்து குனிந்து போய்வருவாள். எல்லோரும் நின்றபடியே சாப்பிட்டார்கள். சோறு, வெறும் பருப்பு, ஆளுக்கொரு அவித்த முட்டை. லாட்ஜுகளில் அப்போது எங்கோ பாலம் கட்ட வந்த கம்பெனி ஆட்கள் நிரம்பியிருந்தார்கள். சேறும் கிரீஸுமாக விரிப்புகள் வந்தன. மேனேஜர் இரண்டு கட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, மூன்றாவது முறை வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டான்.

அன்றைக்குத் தம்பி பாய்லர் பக்கம் போய் நெட்டையிடம் சொன்னான். இது பிற்பாடு தெரிந்தது. லாட்ஜ் துணியை முதலில் கொதிக்கப் போடு. ஆஸ்பத்திரித் துணி சோப்பிலேயே வெளுத்துவிடுகிறது, அலசிப் பிழிந்து மேலே அனுப்பு. மழை விடும்வரைக்கும்தான். அக்கா சொல்லச் சொன்னாள்.

கடைசி வாக்கியத்தைச் சேர்த்திருக்காவிட்டால் நெட்டை அவன் பேச்சைக் கேட்டிருக்க மாட்டாள்.

அந்த வாரம் தைக்க வந்த ஆஸ்பத்திரி விரிப்பில் ஒரு வாடை இருந்தது. கொதித்த துணிக்கு வாடையே இராது. இதில் சோப்பும் ஈரமும் கலந்து, மூடி வைத்த பாத்திரத்தைத் திறந்த மாதிரி ஒரு வாடை. மழைதானே என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்று பெண்களுக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் கோத்தது. ஒரு பச்சைக் குழந்தைக்கு முதுகெல்லாம் கொப்புளம். துணி இறக்கப் போன தம்பியிடம் பெரிய நர்ஸ் சும்மா புலம்பியிருக்கிறார்: "என்ன நேரமோ தெரியலப்பா, யாருக்குமே தையல் ஆற மாட்டேங்குது." அவன் உச்சுக்கொட்டிவிட்டு வந்தான். வந்தவன் நெட்டையிடம் எதையும் மாற்றிச் சொல்லவில்லை.

நான்காவதாக வந்தவள் கண்டக்டரின் மனைவி. எங்கள் தெருமுனையிலிருந்து மேட்டுச் சாலைக்குப் போகும் ஒரே பஸ்ஸின் கண்டக்டர். தலைப்பிரசவம், ஆண் குழந்தை. மூன்றாம் நாள் குளிர்க்காய்ச்சல் வந்தது. ஆறாம் நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒன்பதாம் நாள் செத்துப்போனாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது.

மறுநாள் காலையில் பெரிய நர்ஸ் சலவைக்கூடத்துக்கு வந்தார். ஐம்பது வயது, கறாரான பெண்மணி. அன்று குடைகூட இல்லாமல் நனைந்துகொண்டு வந்தார். தைத்த உறைகளைக் கொடுக்கப் போயிருந்த நானும் அங்கே இருந்தேன்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. டாக்டரம்மா எல்லாத்தையும் பார்க்கச் சொல்லியிருக்காங்க. தண்ணித் தொட்டி, கத்திரி, ஊசி, எல்லாம். துணியையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "ஒன்பது வருஷத்துல என்னை யாரும் இப்படிக் கேட்டதில்ல."

"கோச்சுக்காதீங்க. ஒரு பொண்ணு போயிட்டாளே."

"வாங்க. வந்து உங்க கண்ணாலயே பாருங்க."

நர்ஸின் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பாய்லருக்கு அழைத்துப் போனாள். நெட்டை மூடியைத் தூக்கினாள். நீராவி ஆளை மறைத்துக்கொண்டு எழும்பியது. உள்ளே வெள்ளை வெள்ளையாக விரிப்புகள் புரண்டன. எல்லாம் லாட்ஜ் துணி. வெள்ளைக்கு என்ன அடையாளம்?

"கொதிக்காம ஒரு நூல் இந்த வாசலத் தாண்டாது. இது என் வார்த்தை" என்றாள் அக்கா. "வேற எங்கயாவது தேடுங்க. பிரசவத்துல கைய வைக்கிற ஆளப் பாருங்க."

நெட்டை மூடியைப் பிடித்தபடியே அக்காவைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். தம்பி ஈர மூட்டையைக் குனிந்து கட்டிக்கொண்டிருந்தான். நர்ஸுக்கு நிம்மதியாகிவிட்டது. "நீங்க சொன்னாப் போதும்க்கா. உங்களத் தெரியாதா எனக்கு?" என்று சொல்லிவிட்டு மழையிலேயே போனார்.

அன்று சாயங்காலம் தம்பி நெட்டையிடம், இனி ஆஸ்பத்திரித் துணியைப் பழையபடி கொதிக்க வைக்கச் சொன்னான்.

ஆஸ்பத்திரியில் தேடியவர்களுக்கு ஒரு ஆள் அகப்பட்டாள். பிரசவ அறை துடைக்கிற ஆயா. இருபது வருடமாக அங்கே இருந்தவள். நேராகக் கேள்வி கேட்டபோது, ஒருநாள் கையுறை கிழிந்துபோய் வெறுங்கையோடு வேலை செய்ததாக அவளே ஒத்துக்கொண்டாள். அது போதுமானதாக இருந்தது. இரண்டாம் நாள் அனுப்பிவிட்டார்கள். அவள் போன பிறகு யாருக்கும் தையல் சீழ் பிடிக்கவில்லை. குழந்தைகளுக்குக் கொப்புளம் வரவில்லை. வேறென்ன சாட்சி வேண்டும்? கடைத்தெருவில் அவளைப் பார்த்துக் கர்ப்பிணிகள் ஒதுங்கிப் போனார்கள். கண்டக்டரின் மாமியார் அவள் வீட்டு வாசலுக்கே போய் மண்ணை வாரி வீசிவிட்டு வந்தாள்.

அக்கா அப்போது என்னிடம் சொன்னாள்: "பாவம்தான் டெய்லரே. ஆனா கொஞ்சம் சோம்பேறித்தனம் பண்ணாலும் இதுல உயிர் போயிரும். அது அவளுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

ஒரு மாதம் கழித்துத் தம்பி பெண்டாட்டிக்கு வலி எடுத்தது. டாக்டரம்மா தங்கள் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கட்டணமே வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஆனால் தம்பி அவளை வேனில் ஏற்றிக்கொண்டு பதினைந்து மைல் தள்ளி வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனான். பெண் குழந்தை. அக்கா ஃபிளாஸ்க்கில் கஞ்சியோடு மறுநாள் பார்க்கப் போனாள். அங்கே நடந்ததை அவள் பலமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி, ஒரு சொல் மாறாமல்.

குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அக்கா கேட்டிருக்கிறாள்: "இவ்வளவு தூரம் எதுக்கும்மா? பக்கத்துல நம்ம ஆஸ்பத்திரி இருக்கே."

"அவர்தான் வேணாம்னுட்டார் அண்ணி. அங்க யாருக்கும் தையல் ஆறலையாமே."

"அதான் ஆயாவ அனுப்பிட்டாங்களே. இப்ப எல்லாம் சரியாயிருச்சே."

"இல்ல அண்ணி, அதுக்கெல்லாம் முன்னாடியே இங்க வந்து பேர் பதிஞ்சாச்சு. கண்டக்டர் வீட்டம்மா அப்ப உயிரோடதான் இருந்தாங்க. அந்த ஆஸ்பத்திரி விரிப்புல நம்ம பிள்ளையப் படுக்க வைக்கக் கூடாதுன்னு அவர்..."

வாயிலிருந்து போன சொல் காதுக்குத் திரும்பி வந்த பிறகுதான் அவளுக்கே அது என்னவென்று தெரிந்தது. பிறகு அக்கா குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, கஞ்சியை டம்ளரில் ஊற்றி வைத்துவிட்டு, கிளம்பி வந்துவிட்டாள்.

நேராகப் பாய்லருக்குத்தான் வந்தாள். கடைக்குள்ளிருந்தே அவள் நடையைப் பார்த்துவிட்டு நானும் பின்னால் போனேன்.

"ஏ நெட்டை. மழை சமயத்துல ஆஸ்பத்திரித் துணி கொதிச்சுதா?"

நெட்டை விழித்தாள். "நீங்கதானேக்கா வேணாம்னு சொல்லியனுப்பிச்சீங்க?"

"நானா?"

"தம்பி வந்து சொல்லுச்சு. அக்கா சொல்லச் சொன்னாங்கன்னு. அந்த நர்ஸம்மா வந்தப்ப நீங்க அப்படிப் பேசினீங்க. நான் நெனச்சேன், அக்கா ஏதோ காரணமாத்தான் பேசுறாங்க, நாம குறுக்க பேசக் கூடாதுன்னு..."

அக்கா தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஈரத் தரை. சேலையெல்லாம் சோப்புத் தண்ணீர். நெட்டை தூக்கப் போனாள். அக்கா அவள் கையைத் தட்டிவிட்டாள்.

மத்தியானம் நான் தைத்த உறைகளோடு மறுபடி அங்கே போயிருந்தபோது, தம்பி வேனை நிறுத்திவிட்டு, குழந்தை பிறந்த சந்தோஷத்தில் ஒரு பொட்டலம் மிட்டாயோடு உள்ளே வந்தான். எனக்கும் ஒன்று நீட்டினான்.

"உன் பெண்டாட்டிய மட்டும் எதுக்குடா வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன?" என்றாள் அக்கா.

அவன் எங்கள் முகங்களைப் பார்த்தான். நெட்டையைப் பார்த்தான். மிட்டாய்ப் பொட்டலத்தை மெதுவாக மூட்டை கட்டும் மேசையில் வைத்தான்.

"மழைக்கா. உனக்குத் தெரியும்ல. லாட்ஜ்காரன் கழுத்துல கத்திய வச்சுட்டான்."

"அதைக் கேக்கல. உன் பெண்டாட்டிய எதுக்கு மாத்தினன்னு கேட்டேன்."

"பயமா இருந்துச்சு."

"உனக்குப் பயமா இருந்த விரிப்பத்தானே கண்டக்டர் பெண்டாட்டிக்கு விரிச்ச?"

"விரிப்பாலதான் செத்தாள்னு யார் சொன்னா? எந்த டாக்டர் சொன்னான்? ஆயிரம் காரணம் இருக்கும். நான் என்ன கொலையா பண்ணேன்? நம்ம கடை நிக்கணும்னுதானே பண்ணேன்? உனக்கும் எனக்கும் சேர்த்துதானே?"

"எனக்கும் சேர்த்தா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா நீ வேணாம்ப. நீ வேணாம்னு சொல்லிட்டு மேல போயி நிம்மதியா இஸ்திரி போடுவ. லாட்ஜ்காரன்கிட்ட போய் நின்னு பல்ல இளிக்கறது யாரு? நீ சுத்தமா இருக்கறதுக்கு நான்தானே அழுக்காக வேண்டியிருக்கு?"

"ஒன்பது வருஷமா ஒரே கடையில இருக்கோம்னு நெனச்சேன்டா. நான் ஒரு கடை நடத்தியிருக்கேன், நீ வேற ஒரு கடை நடத்தியிருக்க. வாசக்கதவு மட்டும்தான் ஒண்ணு."

"இப்ப என்ன பண்ணணும்ங்கற?"

"அந்த ஆயா..."

"ஆயாவப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்லல. நல்லா யோசிச்சுப் பாரு. அந்த நர்ஸம்மாகிட்ட நான் ஒரு பொய்யும் சொல்லல. 'கைய வைக்கிற ஆளப் பாருங்க'ன்னது நீ."

அவன் கத்திச் சொல்லவில்லை. தினமும் பேசுகிற குரலிலேயே சொன்னான். அக்கா அடிபட்டவள் போல வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. உறைகளை மேசையில் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் அவள் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா முழுதும் கேட்டுவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இதை வேற யாருகிட்ட சொன்னீங்க?"

"யாருகிட்டயும் இல்ல. ஆயாவத் திரும்ப எடுத்துக்கணும். அந்தப் பொண்ணு வீட்டுலயும் சொல்லணும்."

"என்ன சொல்றது? துணியாலதான்னு என்னாலயே உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா நீங்க இப்படிப் பேசினா, இத்தனை வருஷத்துல ஏன் அப்புறம் ஒருதடவைகூட வந்து பார்க்கலன்னு என்னைக் கேப்பாங்க. இருபது கட்டில். இந்த ஏரியாவுல ஏழைங்களுக்கு வேற இடம் இல்ல. இதை மூடிட்டா உங்களுக்கு மனசு ஆறிடுமா?" பிறகு குரலைத் தாழ்த்தி, "போனது போச்சு. இனிமே ஒழுங்காக் கொதிக்க வைங்க" என்றார்.

அங்கிருந்து அக்கா ஆயா வீட்டுக்குப் போனாள். ஒரே அறை. ஆயா இரண்டு கைகளையும் வாளித் தண்ணீரில் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோல் உரிந்து சிவந்திருந்தது. அக்கா சொல்லி முடிக்கும்வரை தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"எந்தக் கை எந்தக் கைன்னு நானும் தினம் யோசிக்கறேன்" என்றாள் ஆயா. "வலது கையுறைதானே கிழிஞ்சுது, அப்ப வலதுதான் கொன்னிருக்கும்னு. என் மக அவ பிள்ளைய என்னைத் தொட விடறதில்ல. இப்ப வந்து என் கை இல்லங்கற."

"உன் கை இல்ல. எங்க துணி. என்னை என்ன வேணா பேசு."

"உன்னைப் பேசி எனக்கு என்ன ஆகப் போவுது? எழுதிக் குடுப்பியா?"

என் கடை மேசையில், துணி வெட்டுகிற இடத்தில் உட்கார்ந்துதான் அக்கா எழுதினாள். இரண்டு பக்கம். நான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். எனக்கு எதற்கு அக்கா வம்பு என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை. காகிதத்தை ஆயாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

நாலாம் நாள் ஆயா பழைய சீருடையில், புதுக் கையுறை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காகிதம் டாக்டரம்மாவின் மேசைக்குள் போயிருந்தது. அப்புறம் எங்கே போயிற்றோ. அக்கா அவளை வழியில் நிறுத்திக் கேட்டாள்.

"அதை ஊருக்குக் காட்டத்தானே வாங்கினே?"

"எனக்கு வேலை வேணும். உன் நியாயத்த வச்சு நான் என்ன பண்ண, சோத்துல பிசைஞ்சு திங்கவா?" என்று சொல்லிவிட்டு ஆயா போய்விட்டாள்.

டாக்டரம்மாவும் தம்பியும் அதற்குப் பிறகு மிகவும் ஒற்றுமையாகிவிட்டார்கள். ஒருவர் வாயில் மற்றவர் உயிர் இருந்தது. ஆஸ்பத்திரிச் சலவை அவனிடமே நின்றது. அடுத்த மாதமே இரண்டாவது பாய்லரும் வந்து இறங்கியது. அது இறங்கும்போது அக்கா அந்த வீட்டில் இல்லை. கட்டடமும் கடையும் தம்பி பெயரில்தான் இருந்தன. பெயர் யாருடையது என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. ஆனால் அவள் வெளியேறியது அதனால் இல்லை. குழந்தையோடு வீடு திரும்பிய தம்பி பெண்டாட்டி, மூன்றாம் நாள் காலையில் அழுதுகொண்டே சொன்னாள்: "அண்ணி, உங்க முகத்தப் பார்த்தா அந்தப் பொண்ணு ஞாபகம் வருது. எனக்குப் பால் கட்டிக்குது. நீங்க இங்க இருக்காதீங்க." அக்கா ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டாள். நெட்டை வாசல்வரை வந்தாள். தம்பி கூப்பிட்டதும் உள்ளே போய்விட்டாள். அவளுக்கும் வயிறு இருக்கிறது.

அக்காவுக்கு மேட்டுச் சாலைக் கோடியில் இருந்த முதியோர் விடுதியில் துணி துவைக்கும் வேலை கிடைத்தது. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டாள். விடுதிக்குப் போக அந்த ஒரு பஸ்தான்.

ஐந்து நாள் அதில் ஏறி, டிக்கெட் வாங்கி, கண்டக்டரின் முகத்தைப் பார்க்காமல் இறங்கியிருக்கிறாள். ஆறாம் நாள் கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு அவனிடம் சொல்லிவிட்டாள். மழை, பாய்லர், லாட்ஜ், தன் வார்த்தை, எல்லாவற்றையும். முப்பது வயதுக்குள் இருக்கும் அவனுக்கு. டிக்கெட் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டானாம்.

"உன் தம்பியா பண்ணது?"

"அவன்தான். ஆனா கொதிச்சுதுன்னு சொன்னது நான்."

"ஆயா இல்ல?"

"இல்ல."

டிக்கெட் பையின் வாயை இழுத்து மூடினானாம். பிறகு: "ஆயாவத் திட்டிக்கிட்டுத் தூங்கிட்டிருந்தேன். ஒரு மாதிரி பழகியிருந்துச்சு. இப்ப இதை என் தலைல எறக்கி வச்சுட்டு நீ லேசாயிட்ட. அப்படித்தானே?"

"இல்லப்பா, நான்..."

"எறங்கு. இனிமே என் வண்டியில ஏறாத."

அவன் போலீசுக்குப் போகவில்லை. சலவைக்கூடத்துக்கு வந்து கல்லெறியவில்லை. ஒருநாள் மட்டும் எதிர்ச்சாரியில் நின்று, வேனில் மூட்டைகள் ஏறுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனான். கைக்குழந்தை வைத்திருக்கிறவனுக்கு எதற்கும் நேரமில்லை போலிருக்கிறது.

அன்றிலிருந்து அக்கா நடக்கிறாள். போக நாலு மைல், வர நாலு மைல். போகும்போது முழுக்க ஏற்றம். வேறு வழி பார்த்துக்கொள்ளக் கூடாதா, அவனிடம் இன்னொரு முறை கேட்கக் கூடாதா என்றேன். "அவர் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார் டெய்லரே. ஏறாதன்னு. அதையாவது கேக்கணும்ல" என்றாள்.

போன வாரம் நான் அந்த பஸ்ஸில் போனேன். சம்பந்தி வீட்டுக் காரியம். நல்ல மழை, முன்கண்ணாடியில் எதிரே ஒன்றும் தெரியவில்லை. பாதி மேட்டில், சாலையோரம், தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு அக்கா ஏறிக்கொண்டிருந்தாள். பஸ் சத்தம் கேட்டு ஒதுங்கி, மண்ணில் கால் புதைய நின்றாள். டிரைவர் வேகத்தைக் குறைத்தார்.

"வயசான பொம்பளை நனையுதுப்பா, ஏத்திக்க" என்றார் முன் சீட்டுக்காரர். பின்னாலிருந்து இன்னொருவரும் சொன்னார்.

கண்டக்டர் படிக்கட்டில் நின்று அவளைப் பார்த்தான். அக்கா எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. கை காட்டவும் இல்லை. அவன் என் பக்கம் திரும்பினான். அவளை எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும். நான் ஒரு வார்த்தை சொல்வேனா என்று பார்த்த மாதிரி இருந்தது. சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பானோ என்னவோ. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இரண்டு விசில் கேட்டது. பஸ் வேகமெடுத்தது. சக்கரம் இறைத்த சேறு அவள் மீது இடுப்புவரை விழுந்ததை அந்த ஜன்னல் வழியாகவே பார்த்தேன்.